பஞ்சுக் குச்சிச் சோதனை

எங்கள் படிப்பு மையம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் நடுவே ஒரு சின்ன அறை. சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். அதன்பின் ஆணும் பெண்ணும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். அதனால் எங்கள் வகுப்பு இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும்.

வகுப்புக்கு ஒரு அக்கா வருவார். எட்டு மாதக் கர்ப்பிணி. ஏழாவது மாதம்வரை அவரும் ரயிலில் வேலைக்குப் போனவர்தான். தமிழ் நன்றாகப் படிப்பார். ரயில் பலகையைப் படிக்க வேண்டும் என்று இங்கிலீஷ் எழுத்துகளும் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் வகுப்பு முடிந்தது. எல்லோரும் போனார்கள். அக்கா மட்டும் போகவில்லை. இடுப்பில் இருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"டீச்சர், ஒன்பதாம் தேதி செக்கப்புல டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்க. எழுத்து தெரியுது. அர்த்தம் தெரியல."

சீட்டில் மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. ஜி, பி, எஸ். எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. நான் பத்தாவதுவரை படித்தவள்தான்.

"என்ன சோதனைன்னு சொன்னாங்களா அக்கா?"

"கீழே பஞ்சு வெச்சுத் துடைச்சு எடுப்பாங்களாம். எங்க அத்தை கேட்டதும் கத்துறாங்க. ஊரு உலகத்துல இல்லாத அசிங்கச் சோதனை, கெட்ட வியாதிக்குத்தான் அப்படிப் பாப்பாங்கன்னு சொல்றாங்க. எனக்குக் கெட்ட வியாதியா டீச்சர்?"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவருடைய முதல் குழந்தை பிறந்த இரண்டாம் நாளே இறந்துவிட்டது. அது நான்கு வருடத்துக்கு முன்னால். அந்தக் கதை லைனில் எல்லோருக்கும் தெரியும். "ராசி இல்லாதவள்" என்று சிலர் முதுகுக்குப் பின்னால் பேசுவதும் உண்டு.

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது. மறுநாள் நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சீட்டைப் பார்த்தார். "உனக்கு மட்டும் சொன்னா போதாது. வகுப்புக்கே வந்து சொல்றேன். எல்லாப் பொம்பளைங்களையும் வரச் சொல்லு. மாமியார்களையும் கூட்டி வா" என்றார்.

சனிக்கிழமை இரவு வந்தார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கிருமியின் பெயர்

ஜி.பி.எஸ். என்பது ஒரு கிருமியின் சுருக்கப் பெயர். 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்பது முழுப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். நாம் 'பி வகைக் கிருமி' என்று சொல்லிக்கொள்வோம்.

கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணி மணியாகக் கோத்த மாலை போல இருக்கும். இந்த மாலைக் கிருமிகளில் பல வகை உண்டு. ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1933-ல் இவற்றை ஏ, பி, சி என்று பிரித்துக் காட்டினார். ஏ வகை நமக்குத் தொண்டை வலியைக் கொண்டுவரும். பி வகை வேறு.

பி வகைக் கிருமி நம் குடலில் குடியிருக்கும். அங்கிருந்து பெண்களின் பிறப்புறுப்புப் பகுதிக்கும் வரும். ஆண்கள் குடலிலும் இருக்கும். இருக்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. அரிப்பு இல்லை. வலி இல்லை. வாடை இல்லை. அதனால் தனக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உலகக் கணக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 100 கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 18 பேரிடம் இது இருக்கிறது. பணக்காரி, ஏழை என்ற வேறுபாடு இல்லை.

நர்ஸம்மா இதைச் சொன்னதும் அக்காவின் மாமியார் எழுந்தார்.

"அப்போ இது புருஷன் பொஞ்சாதி தப்பு நடந்து வர்ற வியாதி இல்லியா?"

"இல்லம்மா. அது வேற, இது வேற. தயிர்ல கிருமி இருக்கு. அது இல்லாம பால் உறையாது. நம்ம வயித்துலயும் அந்த மாதிரி கோடிக் கணக்கான கிருமி இருக்கு. அதுல இது ஒண்ணு."

"சுத்தம் இல்லாததால வருதா?"

"அதுவும் இல்ல. தினம் மூணு வேளை குளிச்சாலும் இருக்கறவங்களுக்கு இருக்கும்."

மாமியார் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவர் கத்தவில்லை.

குழந்தைக்கு எப்படிப் போகிறது?

தாயின் வயிற்றில் குழந்தை பனிக்குடத்துக்குள் இருக்கிறது. நீர் நிறைந்த பை அது. பை உடையாதவரை கிருமி உள்ளே போவது கஷ்டம். பிரசவ நேரத்தில் பனிக்குடம் உடைகிறது. நீர் வெளியே வருகிறது. அப்போது கிருமி மேலே ஏறுகிறது. குழந்தை வெளியே வரும் வழியிலும் கிருமி இருக்கிறது. குழந்தையின் வாயிலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்கிறது.

கிருமி ஒட்டிய எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதில்லை. இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். கிருமி உள்ள 100 தாய்மார்கள் மருந்து எதுவும் போட்டுக்கொள்ளாமல் பிள்ளை பெற்றால், ஏறக்குறைய 50 குழந்தைகள்மேல் கிருமி ஒட்டும். நோய் வருவது ஒன்று அல்லது இரண்டு குழந்தைக்குத்தான். ஆனால் அந்த ஒன்று நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால்?

நோய் வந்தால் வேகமாக வரும். பெரும்பாலும் பிறந்த முதல் நாளிலேயே தெரிந்துவிடும். ஏழு நாளுக்குள் வருவதை முதல் வகை என்கிறார்கள். கிருமி நுரையீரலில் இறங்கும். ரத்தத்தில் கலக்கும். மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் போகும். பெரியவர்களுக்கு வந்தால் உடம்பு எதிர்த்து நிற்கும். பச்சைக் குழந்தைக்கு அந்தச் சக்தி இல்லை. சில மணி நேரத்தில் கைமீறிப் போய்விடும். பிழைத்த குழந்தைக்கும் சில நேரம் காது கேட்காமல் போகலாம். வலிப்பு வரலாம். மூளை வளர்ச்சி குறையலாம்.

சோதனை செய்வது எப்படி?

இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நர்ஸம்மா ஒரு நீளமான பஞ்சுக் குச்சியைக் கொண்டுவந்து காட்டினார். காது குடையும் குச்சி மாதிரி, ஆனால் இன்னும் நீளம். அதைப் பிறப்புறுப்பின் வாயில் சிறிது நுழைத்துத் துடைத்து எடுப்பார்கள். பிறகு ஆசனவாயிலும் துடைப்பார்கள். இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் எடுத்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம்.

அவ்வளவுதான். ஊசி கிடையாது. கத்தி கிடையாது. ஒரு நிமிடம்கூட ஆகாது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கூச்சமாக இருந்தால், சொல்லிக் கொடுத்தபடி நாமே எடுத்தும் கொடுக்கலாம்.

பஞ்சை லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே அதில் உள்ள கிருமிகளை வளரவிட்டுப் பார்ப்பார்கள். விதை போட்டு முளைக்கிறதா என்று பார்ப்பது போல. அதனால் முடிவு தெரிய ஒன்று இரண்டு நாள் ஆகும், சில இடத்தில் இன்னும் ஒரு நாள்.

எப்போது செய்வது? 36 வாரம் முடிந்த பிறகு. அதாவது ஒன்பதாம் மாதத்தில். ஏன் முன்னாலேயே செய்வதில்லை? இந்தக் கிருமி ஒரு இடத்தில் நிலையாக இருப்பதில்லை. இந்த மாதம் இருக்கும். இரண்டு மாதம் கழித்து இருக்காது. திரும்பவும் வரும். நமக்குத் தெரிய வேண்டியது பிரசவ நேரத்தில் இருக்கிறதா என்பது. அதனால்தான் பிரசவத்துக்குக் கிட்டத்தில் சோதிக்கிறார்கள். முடிவு ஐந்து வாரம்வரை செல்லும். போன பிரசவத்தில் எடுத்த சோதனை இந்தப் பிரசவத்துக்கு உதவாது.

கிருமி இருந்தால்?

பயப்பட ஒன்றும் இல்லை. மருந்து இருக்கிறது. புது மருந்தும் இல்லை. பழைய பென்சிலின்தான். அல்லது அதன் உறவான ஆம்பிசிலின்.

ஆனால் மருந்து கொடுக்கும் நேரம் முக்கியம். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். "கிருமி இருக்குன்னு தெரிஞ்சிடுச்சே, உடனே மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் கிருமி கொஞ்ச நாள் மறையும். குடலிலிருந்து மறுபடி வந்துவிடும். பிரசவத்தன்று அது அங்கே இருக்கும். மாத்திரை வீண்.

வலி எடுத்த பிறகு அல்லது பனிக்குடம் உடைந்த பிறகு, நரம்பில் ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும். குழந்தை பிறக்கும்வரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். மருந்து தாயின் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். முதல் ஊசி போட்டபின் நான்கு மணி நேரமாவது கழித்துக் குழந்தை பிறந்தால் நல்ல பாதுகாப்பு. அதனால், "வலி நல்லா வரட்டும், அப்புறம் கிளம்பலாம்" என்று வீட்டில் உட்காரக் கூடாது. முக்கியமாக இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில். அது வேகமாக நடந்துவிடும்.

பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு ஏதாவது ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு திணறியதா? அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேறு மருந்து தருவார்கள்.

வலி வராமல், பனிக்குடமும் உடையாமல், முன்பே நாள் குறித்து ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தால் இந்தக் கிருமிக்கான ஊசி தேவையில்லை. அதற்காக, கிருமி இருக்கிறது என்று ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதில்லை. அப்படி யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். "கட்டாயம் கொடு. சீம்பாலையும் கொடு. கிருமி இருந்தாலும் கொடு" என்றார் நர்ஸம்மா.

எல்லோருக்கும் ஏன் செய்வதில்லை?

இதைக் கேட்டவர் ஒரு பாட்டி. "எனக்கு ஆறு பிரசவம். ஒருத்தரும் பஞ்சு வெச்சுப் பாக்கலியே?"

நம் நாட்டில் இந்தச் சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. ரத்த சோகை, சர்க்கரை, பிரஷர், எச்.ஐ.வி. சோதனை மாதிரி இது கட்டாயப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2002 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே 1990-களின் தொடக்கத்தில் 1,000 குழந்தை பிறந்தால் ஏறக்குறைய இரண்டு குழந்தைக்கு இந்த நோய் முதல் வாரத்தில் வந்தது. 2015-ல் 4,000 குழந்தைக்கு ஒன்று என்று குறைந்துவிட்டது. இங்கிலாந்திலோ எல்லோருக்கும் வழக்கமாகச் சோதனை செய்வதில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்து, அவர்களுக்கு ஊசி போடுகிறார்கள். படித்த டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு வழி இருக்கிறது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பச்சைக் குழந்தைகளைத் தாக்குவதில் வேறு கிருமிகள் முன்னால் நிற்கின்றன. டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். முடிவு 2016-ல் வந்தது. அங்கே பி வகைக் கிருமி குறைவாகவே இருந்தது. வேறு பிடிவாதமான கிருமிகள்தான் அதிகம். அவற்றுக்கு இந்தப் பஞ்சுச் சோதனை உதவாது.

என் எண்ணத்தைக் கேட்டால் சொல்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். எழுதவில்லை என்றால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் கடன் வாங்கி வெளி லேபுக்கு ஓட வேண்டாம். அதைவிட முக்கியமானது, கீழே உள்ள ஆபத்துகளில் ஒன்று நமக்கு இருக்கிறதா என்று தெரிந்து டாக்டரிடம் சொல்வது.

பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகியும் குழந்தை பிறக்கவில்லை என்றால் ஆபத்து. 37 வாரம் முடியும் முன்பே வலி வந்தால் ஆபத்து. வலி நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. இந்தக் கர்ப்பத்தில் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் பி வகைக் கிருமி தெரிந்திருந்தால் ஆபத்து. முன்பு பிறந்த குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தால் ஆபத்து.

கடைசியாகச் சொன்னதை நர்ஸம்மா சொன்னபோது அக்காவைப் பார்த்தார். "முதல் குழந்தை இறந்தப்போ ஆஸ்பத்திரியில ஏதாவது பேப்பர் கொடுத்தாங்களாம்மா?"

பிளாஸ்டிக் கவர்

பேப்பர் இருந்தது. நான்கு வருடமாக இருந்தது. பெட்டியின் அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரில். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது அக்காவின் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார். அவருக்கும் படிக்கத் தெரியாது. அதைப் பார்த்தால் அக்கா அழுவார் என்று உள்ளே போட்டுவிட்டார். பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நானும் அக்காவும் நர்ஸம்மாவும் உட்கார்ந்து அந்தக் கவரைத் திறந்தோம்.

அந்தப் பிரசவத்தைப் பற்றி அக்கா அப்போதுதான் முழுதாகச் சொன்னார். அது வேறு ஊரில் நடந்தது. காலையில் பாத்திரம் தேய்க்கும்போது பனிக்குடம் உடைந்து நீர் போயிருக்கிறது. வலி இல்லை. அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர் என்று நினைத்தாராம். இரவுதான் வலி வந்தது. மறுநாள் விடியலில் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. நல்ல எடை. அழுதது. பால் குடித்தது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரவு குழந்தை முனகியது. பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது என்றார். வீட்டில் 'மாந்தம்' என்று சொல்லி நாக்கில் மருந்து தடவினார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

எடுத்த ரத்தத்தின் முடிவு இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறது. அதற்குள் குழந்தையை அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த முடிவுதான் கவருக்குள் இருந்த நாலாவது பேப்பர்.

நர்ஸம்மா ஒரு வரியில் விரல் வைத்தார். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஜி... ஆர்... ஓ... யு... பி..." பிறகு ஒரு இடைவெளி. பிறகு தனியாக ஒரு "பி."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"என் ராசி இல்ல. கிருமிதான்" என்றார் அக்கா.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். தெரியாமல் போனதுதான் நடந்தது.

அந்தப் பேப்பரை அக்கா டாக்டரம்மாவிடம் கொண்டு போனார். அவர் படித்துவிட்டுத் தான் எழுதிய சோதனைச் சீட்டைத் திருப்பி வாங்கி அடித்துவிட்டார். "உங்களுக்குச் சோதனையே வேண்டாம். முன் குழந்தைக்கு இந்த நோய் வந்திருக்கு. பஞ்சுச் சோதனையில கிருமி இல்லன்னு வந்தாலும் உங்களுக்கு ஊசி போட்டாகணும்" என்றார். அக்காவின் தாயி கார்டில் சிவப்பு மையால் எழுதினார். கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டையைத் தாயி கார்டு என்போம். "நீர் போனாலோ வலி வந்தாலோ ஒரு நிமிஷம் வீட்டுல இருக்காதீங்க. கார்டைக் காட்டி முதல்ல இதைச் சொல்லுங்க" என்றார்.

குழந்தையைக் கவனிப்பது

சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், பிறந்த குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி பெரும்பாலும் காப்பாற்றும். நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது. அதுவும் முதல் வாரத்து நோயைத்தான் தடுக்கும். ஒரு வாரம் கழித்து மூன்று மாதம்வரை வருகிற இன்னொரு வகை இருக்கிறது. அதை ஊசி தடுப்பதில்லை.

நன்றாகப் பால் குடித்த குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டதா? முனகுகிறதா? மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டின் அடி உள்ளே இழுக்கிறதா? தொட்டால் சூடாக இருக்கிறதா, அல்லது சில்லென்று இருக்கிறதா? துணி மாதிரித் துவண்டு கிடக்கிறதா? உதடு நீலமாகிறதா? வலிப்பு வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூச்சை எண்ணவும் பழகுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கிளம்புங்கள்.

படித்தவர்களால்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்று ஒரு மாவட்டம். காடும் கிராமமும் நிறைந்த இடம். அங்கே டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்ற தம்பதியர் 1990-களில் 39 கிராமங்களில் ஒரு வேலை செய்தார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பச்சைக் குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, கிருமி நோயைக் கண்டுபிடிப்பது, மருந்தும் ஊசியும் கொடுப்பது. அதற்கு முன்னால் கிருமி நோய் வந்த 100 குழந்தைகளில் 16, 17 குழந்தைகள் இறந்தன. அந்தப் பெண்கள் மருந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு அது மூன்றுக்கும் கீழே வந்தது. 1999-ல் இது உலகத்துக்கே தெரிந்தது. 2011-ல் நம் அரசாங்கம் ஆஷா பணியாளர்களைப் பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்களில் வந்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவமும் மருந்தும் இலவசம். பிறந்த குழந்தைக்கு நோய் வந்தால் வைத்தியம் இலவசம். போக வர வண்டியும் இலவசம். 2011 முதல் இது நம் உரிமை. 108-க்குப் போன் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு டாக்டரே பார்க்கும் இலவச செக்கப் 2016 முதல் நடக்கிறது. அக்காவின் சீட்டும் அங்கே எழுதியதுதான்.

அக்காவுக்கு ஒரு புதன்கிழமை இரவு ஒன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. இந்த முறை அவர் உடனே எழுப்பிச் சொன்னார். 108 வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே மாமியார் தாயி கார்டை நீட்டி, "ஊசி போடணும், சிவப்பு மையில எழுதியிருக்கு பாருங்க" என்றாராம். இரண்டரை மணிக்கு முதல் ஊசி. ஆறரைக்கு இரண்டாவது ஊசி. காலை எட்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2 கிலோ 800 கிராம். இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன வாரம் 28-ம் நாள். ஆஷா அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். நானும் போயிருந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஆஷா அக்கா கடிகாரத்தை எடுத்தார். மாமியார் அதை வாங்கி என் கையில் கொடுத்தார். "நீ நிமிஷத்தைப் பாரு டீச்சர். நான் எண்றேன்" என்று குழந்தையின் வயிற்றைப் பார்த்து வாய்விட்டு எண்ணினார்.

நாற்பத்து நாலு.